பிள்ளைப் பராமரிப்புப் பொறுப்பேற்றல்: ஏழு மாத நடைமுறைக்கு எங்கள் புள்ளி

நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பெற்றோருடன் தற்போதைக்கு வாழ முடியாத ஒரு பிள்ளையை யாழ்ப்பாணத்தில் வலிகாமத்திலுள்ள எங்கள் வீட்டில் வைத்துப் பராமரிப்பதற்காக முதன்முதலில் அலுவலகப் படியேறிய நாளிலிருந்து நீதிமன்றக் கட்டளை கைக்கு வந்த நாள் வரை ஏழு மாதங்கள் சென்றன. இந்த நடைமுறைக்கு ஐந்தில் மூன்றரைப் புள்ளி கொடுப்பேன். வீட்டையும் எங்களையும் சோதித்த விதத்தில் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளை வந்த பிறகு எங்களைத் தனியே விட்ட விதத்தில்தான் பெரும்பாலும் புள்ளி குறைந்தது. பிள்ளையைப் பற்றிய விவரம் எதையும் இங்கே எழுதப் போவதில்லை.

எங்கள் ஊரில் பிறர் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது என்றால் தத்தெடுப்பு என்றே எல்லோரும் விளங்கிக்கொள்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், தொகுத்தெழுதப்பட்ட யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே, முதுசத்துக்கு, அதாவது பரம்பரைச் சொத்துக்கு, உரித்துள்ள உறவினரின் சம்மதத்தோடு மஞ்சள் நீர் அருந்திப் பிள்ளையைத் தமதாக்கிக்கொள்ளும் வழக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் அயலவரின் இரண்டாவது கேள்வி காணி உறுதியைப் பற்றியதாகவே இருக்கிறது. இப்போது தத்தெடுப்பு 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நடக்கிறது. நாங்கள் கேட்டது அதுவல்ல. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை ஓர் உறவினரிடமோ வேறு தகுதியான ஆளிடமோ நீதிமன்றம் ஒப்படைக்கலாம். பெற்றோர் பெற்றோராகவே இருப்பர். அவர்களின் நிலை சீரானால் பிள்ளை திரும்பிப் போகும். சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள் என்பதையும், 2019 ஆம் ஆண்டின் மாற்றுப் பராமரிப்புத் தேசியக் கொள்கை இல்லங்களைக் கடைசித் தெரிவாகவே வைத்திருக்கிறது என்பதையும் அறிந்த பிறகே இந்த வழி எங்களுக்குச் சரியென்று பட்டது.

இந்த வேறுபாடு முன்மேசையில் இருந்தவருக்கும் தெளிவாக இருக்கவில்லை. முதல் நாள் எங்களுக்குக் கிடைத்தது 'செவன சரண' திட்டத்துக்கான படிவம். அது வறிய பிள்ளைகளுக்குப் பணம் உதவ விரும்புவோருக்குரியது. இரண்டாம் முறை தத்தெடுப்புப் படிவத்தைத் தந்தார்கள். மூன்றாம் முறை போனபோதுதான், இந்த விண்ணப்பங்களை விசாரிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தரைக் காண முடிந்தது. இந்த வீண் பயணங்களுக்காக அரைப் புள்ளியை வெட்டினேன்.

பத்திரங்கள் பெரிய சிரமம் தரவில்லை. கிராம அலுவலரின் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று, மருத்துவ அறிக்கை, விவாகப் பதிவு, ஓய்வூதிய விவரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தோம்.

உண்மையான சோதனை வீட்டுக்கு வந்துதான் நடந்தது. உத்தியோகத்தர் முப்பது வயது தாண்டாத பெண். விறாந்தையில் செருப்பைக் கழற்றிவிட்டு, தேநீரை வேண்டாம் என்று மறுத்துவிட்டு, நேரே பின் வளவுக்குப் போனார். எங்கள் கிணற்றுக்கட்டு முழங்கால் உயரத்துக்கு மேல் இல்லை. நாற்பது வருடங்களாக அதில் தண்ணீர் அள்ளும் எங்களுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. கொட்டிலில் வெங்காயத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் திறந்த தட்டில் இருந்ததையும், பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறையின் கதவில் உட்பக்கத் தாழ்ப்பாள் இல்லாததையும் அவர் எழுதிக்கொண்டார். "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ, பிள்ளை உடுப்பு மாத்தேக்க ஆரும் திறந்து வரக்கூடாது," என்று சொன்னபோது, முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளோடு வேலை செய்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

பிறகு எங்கள் இருவரையும் தனித்தனியே இருத்திக் கேள்வி கேட்டார். ஒரு வருடத்தில் தாய் வந்து பிள்ளையைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, சந்தோஷமாகக் கொடுப்போம் என்று என் கணவர் உடனேயே சொல்லியிருக்கிறார். உத்தியோகத்தர் பேனாவை மூடிவிட்டு, "இப்பவே சொல்ல வேண்டாம் ஐயா, யோசிச்சு அடுத்த முறை சொல்லுங்கோ," என்றாராம். அன்றிரவு இருவரும் சரியாக உறங்கவில்லை. எங்கள் சொந்தப் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போனபோது வீடு எப்படிக் கிடந்தது என்பதையே பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த முறை கணவர் சொன்ன பதில், "அழுவன், ஆனால் மறிக்க மாட்டன்" என்பது. அதை உத்தியோகத்தர் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார். இந்த நடைமுறை முழுவதிலும் எனக்கு மிகவும் மதிப்பை உண்டாக்கிய இடம் இதுதான். விண்ணப்பதாரரின் நல்ல மனதை நம்பிவிடாமல், அந்த மனம் எதைத் தாங்கும் என்று பார்க்கிறார்கள்.

அயலவரிடமும் விசாரித்தார்கள். அதன் பின்னர் ஒழுங்கையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் உங்களுக்கு ஏன் இந்த வில்லங்கம் என்று கேட்டவர்களே, பிள்ளை வந்த முதல் வாரம் பனங்காய்ப் பணியாரத்தோடு படலையைத் தட்டினார்கள்.

நீதிமன்றம் பற்றி நான் பயந்திருந்தேன். ஆனால் பொதுமக்களில்லாத அறையில், நீதவான் முதலில் பிள்ளையோடு பேசி, அதன் பின்னரே எங்களிடம் வந்தார். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

மீதி ஒரு புள்ளி போனது அதற்குப் பிறகு. கட்டளை கிடைத்த நாளோடு எங்களைச் சோதிக்கும் ஆர்வம் எல்லாம் ஓய்ந்ததுபோல் ஆயிற்று. தாய் பார்க்க வந்து போகும் நாட்களுக்குப் பின் இரண்டு நாள் வீடே பேச்சில்லாமல் இருந்தது. அது இயல்பானதா, நாங்கள் ஏதும் பிழையாகச் செய்கிறோமா என்று கேட்க ஆளில்லை. தந்திருந்த தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால், அந்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார் என்றார்கள். புதிதாக வந்தவர் அன்பானவர்தான். ஆனால் எங்கள் கோவை அவர் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை, ஆகவே விவாகம் முடித்த ஆண்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னோம். பிள்ளையின் பெற்றோர் வந்துபோகும் நாட்களை எப்படிக் கையாள்வது என்பதைப் பற்றி மட்டும், ஒரு சனிக்கிழமை காலை, முன்பே இதைச் செய்தவர்களோடு இருத்திப் பேச வைத்திருந்தால் எங்களுக்குப் பேருதவியாக இருந்திருக்கும். உளவியல் நிபுணர் தேவையில்லை. அனுபவப்பட்ட ஒரு தாய் போதும்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதிகளைக் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலையில் தகப்பனின் கையெழுத்தைக் கேட்பார்கள், ஆஸ்பத்திரியிலும் உங்களுக்கும் பிள்ளைக்கும் என்ன உறவு என்று கேட்பார்கள். கிணற்றுக்கட்டை உத்தியோகத்தர் வருவதற்கு முன்பே உயர்த்திவிடுங்கள். வெங்காய நடுகைக் காலத்தில் கூலியாள் எல்லோரும் தோட்டத்தில் நிற்பதால், எங்களுக்கு ஒரு மேசனைப் பிடிக்க மட்டும் மூன்று வாரம் சென்றது.