ஹெட் கேஸ்கெட் என்று சொல்லி வாங்கிய 31,400 ரூபாய்: மலையில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோத்தகிரியில் வசிக்கும் நான், என் காரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஏன் குறைகிறது என்று தெரிந்துகொள்ளப் போய், கோவையில் உள்ள ஒரு பட்டறையில் செய்யாத வேலைக்கு 31,400 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் அந்தப் பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் எந்தெந்த அறிகுறிகளைக் காட்டி என்னை நம்ப வைத்தார்களோ, அவை நீலகிரியிலோ கொடைக்கானலிலோ குளிர்காலத்தில் ஓடும் ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் இருக்கக்கூடியவை என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது மூன்று சிலிண்டர் கொண்ட சிறிய பெட்ரோல் கார். வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவின் கண் சிகிச்சைக்காக மாதம் இரண்டு முறை கோவைக்கு இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. டிசம்பர் தொடக்கத்தில், ரிசர்வ் டேங்கில் மேல் கோடு வரை இருந்த கூலன்ட் பத்தே நாளில் கீழ்க் கோட்டுக்கும் கீழே போயிருந்ததைப் பார்த்தேன். ஊற்றினேன், மறுபடியும் குறைந்தது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுகூடக் கசிந்திருக்கவில்லை. காலையில் வண்டியை எடுக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தது. அதே நாட்களில் அம்மா இரண்டு முறை, "கால் வைக்கிற இடம் பிசுபிசுன்னு இருக்குது கண்ணு" என்று சொன்னார். மழைத் தண்ணீர் கதவு வழியாக இறங்கியிருக்கும் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். முன்கண்ணாடியின் உட்புறம் ஓயாமல் மங்கிக்கொண்டிருந்ததையும் பனிமூட்டம் என்றே எடுத்துக்கொண்டேன்.

கோவைப் பட்டறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே பெரிய கருவிகள் இருக்கும், சரியாகச் சோதித்துச் சொல்வார்கள் என்ற நம்பிக்கைதான். காலையில் வண்டியை விட்டு, அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மதியம் தொலைபேசி வந்தது. "ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க சார். இப்படியே மலை ஏறுனீங்கன்னா பாதி வழியில இன்ஜின் ஜாம் ஆயிரும்" என்றார்கள். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழே சிலிண்டர்கள் உள்ள பகுதிக்கும் நடுவே கசியாமல் இருக்க வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது போனால் கூலன்ட் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ புகுந்துவிடும். நேரில் போனபோது பொறுப்பாளர் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதன் அடிப்புறத்தில் படிந்திருந்த வெண்மஞ்சள் நிறக் குழம்பை விரலால் வழித்துக் காட்டினார். கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது, காலை நேரத்து வெள்ளைப் புகை என்று நானே சொன்னதும் அதைத்தான் காட்டுகிறது என்றார். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்; பாதி மலையில் வண்டி நின்றால் என்ன செய்வது என்ற பயத்தில் சம்மதித்தேன். ஆறு நாள் கழித்து வண்டியைக் கொடுத்தபோது, கையால் எழுதிய ஒரு சீட்டில் கேஸ்கெட் செட், ஹெட் பிளேன் அடித்தது (அதன் அடிப்பரப்பைச் சமப்படுத்தியது), ஆயில், ஃபில்டர், ஆறு லிட்டர் கூலன்ட், வேலைக்கூலி எனப் போட்டு 31,400 ரூபாய் வாங்கினார்கள். பழைய பாகத்தைக் கேட்டேன். எண்ணெய்க் கறை படிந்த ஒரு கேஸ்கெட்டை உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குஞ்சப்பனை தாண்டியதும் டெம்பரேச்சர் முள் பாதியைக் கடந்து மேலே போகத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் இன்ஜின் ஆறும் வரை காத்திருந்தேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதால் யாரும் அந்த அவசரத்தைக் காட்டக் கூடாது. ஆறிய பிறகு பார்த்தபோது ரிசர்வ் டேங்க் காலியாக இருந்தது.

மறுநாள் எங்கள் ஊரிலேயே பல ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நான் நீட்டிய கேஸ்கெட்டை அவர் வாங்கி, துணியால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "மூணு சிலிண்டர் வண்டிக்கு நாலு ஓட்டை கேஸ்கெட் எப்படிங்க வரும்?" என்று கேட்டார். வட்டமான பெரிய துளைகள் நான்கு இருந்தன. அதன் பிறகு டார்ச் அடித்து, ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகளைக் காட்டினார். ஹெட்டை இறக்க வேண்டுமானால் எக்ஸாஸ்ட்டை எங்காவது ஓரிடத்தில் கழற்றியே ஆக வேண்டும். ஆனால் ஹெட்டோடு சேரும் இடத்திலும் சரி, கீழே குழாயோடு சேரும் இடத்திலும் சரி, துரு அப்படியே படிந்திருந்தது, ஒரு நட்டிலும் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. ஹெட்டை மேலே மூடியிருக்கும் வால்வ் கவரைச் சுற்றிலும் பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகிய பிசுக்கு கலையாமல் இருந்தது. ஹெட்டைத் திறக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீட்டில் எழுதியிருந்த ஆறு லிட்டர் கூலன்டும் பொய்தான். என் வண்டியின் கையேட்டின்படி ரேடியேட்டர், இன்ஜின், ஹீட்டர் எல்லாம் சேர்த்தே நான்கு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும்.

இனி உண்மையான கோளாறு எங்கே இருந்தது என்பதைச் சொல்கிறேன். பெரியவர் முதலில் ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தார். ஆயில் தெளிவாக இருந்தது. மலையில் குளிரும் ஈரமும் அதிகம். சந்தைக்கும் பள்ளிக்கும் என இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை என்பதால், உள்ளே குளிர்ந்து படியும் நீராவி ஆயிலோடு கலந்து மூடியின் அடியில் குழம்பாகத் தங்கிவிடும். ஒருமுறை நீண்ட தூரம் ஓட்டினால் அது பெரும்பாலும் மறைந்துவிடும். அளவுகோலிலும் ஆயில் பால் கலந்த காப்பி போல இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வெள்ளைப் புகையும் அப்படித்தான். குளிர்ந்த காலையில் சைலன்சரிலிருந்து வருவது நீராவி. சில நிமிடங்களில் குறைந்து, காற்றில் உடனே கரைந்துவிடும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அடர்த்தியாகத் தொடர்ந்து வந்து, இனிப்பு வாடை அடித்தால் மட்டுமே கூலன்ட் எரிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். எனக்குக் காட்டப்பட்ட இரண்டு ஆதாரங்களும் மலைக் குளிர் தந்தவை. கோளாறின் மெய்யான அறிகுறிகள் இரண்டை, அதே மலையின் மழையையும் பனியையும் காரணம் சொல்லி நானே ஒதுக்கிவிட்டிருந்தேன்.

அடுத்து அவர் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் கைப்பம்பு போன்ற பிரஷர் டெஸ்டரைப் பொருத்தினார். மூடியில் அச்சிட்டிருந்த அழுத்தமான 0.9 பார் வரை ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து நிமிடத்தில் முள் தெளிவாக இறங்கியிருந்தது. ஹோஸ்கள், கிளாம்புகள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை என எங்குமே ஈரம் இல்லை. பிறகு, இன்ஜின் அறையிலிருந்து தடுப்புத் தகடு வழியாக ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் இடுக்கியால் இறுக்கிப் பிடித்துவிட்டு மறுபடியும் அழுத்தம் ஏற்றினார். இந்த முறை முள் அசையவில்லை. இடுக்கிகளை எடுத்ததும் இறங்கத் தொடங்கியது. முன் இருக்கையின் இடப்பக்கம், அம்மா கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கினால், அதன் அடியில் இருந்த பஞ்சு பச்சை நிறத்தில் ஊறிக் கிடந்தது. சூடான கூலன்ட் உள்ளே ஓடி, காருக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிந்திருக்கிறது. கசிந்ததெல்லாம் கார்ப்பெட்டுக்குள் போனதால் தரையில் சொட்டவில்லை. ஹீட்டரைப் போடும்போதெல்லாம் அந்த ஆவி காற்றோடு மேலே வந்து கண்ணாடியில் படிந்திருக்கிறது. பனிமூட்டம் என்று நான் நினைத்ததைத் துணியால் துடைத்தபோது, அது எண்ணெய் போல இழுபட்டு, இனிப்பு வாடை அடித்தது. பனியைத் துடைத்தால் வெறும் தண்ணீராகத்தான் வரும். இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

இந்த முழுச் சோதனைக்கும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஹெட் கேஸ்கெட்டில் கோளாறு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள, ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனையையும் செய்தார். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் வந்தால் அந்தத் திரவம் மஞ்சளாக மாறும். என் வண்டியில் நீலமாகவே இருந்தது. ஹெட்டை இறக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், இந்த இரண்டு சோதனைகளையும் உங்கள் கண் முன்னால் செய்து காட்டும் வரை சம்மதிக்காதீர்கள். ஹெட்டை இறக்கியதாகச் சொன்னால், திறந்திருக்கும் நிலையில் உங்கள் வண்டி எண் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள்.

மலையில் ஓடும் வண்டிக்கு இந்தச் சிறு கசிவே ஆபத்தானது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் அதற்கும் சற்றுக் குறைவு. இன்ஜின் வேலை செய்யும் சூடே கிட்டத்தட்ட அந்த அளவுதான். மூடிக்குள் நிற்கும் அழுத்தமும் கூலன்டில் உள்ள கிளைகாலும்தான் அதைக் கொதிக்காமல் வைத்திருக்கின்றன. கசிவால் அழுத்தம் போய், குறைகிறதே என்று வெறும் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டே வந்தால், இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கொதித்துவிடும். அப்படிக் கொதித்தால் ஹெட் கேஸ்கெட் உண்மையாகவே போய்விடக்கூடும். உறைபனிக் காலத்தில் வெறும் தண்ணீர் வேறு வகையிலும் கேடு. உறைந்து விரியும்போது ரேடியேட்டரையே பிளந்துவிடும்.

புதிய ஹீட்டர் கோர், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய் ஆனது. இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்து ஹீட்டரையே விலக்கிவிடலாம், செலவு மிகக் குறைவு என்றும் சொன்னார். சமவெளியில் அது போதும். பனியில் கண்ணாடியைத் தெளிய வைக்க ஹீட்டர் வேண்டிய நமக்கு அது ஒத்துவராது என்று நான் மறுத்துவிட்டேன். ஊறிய பஞ்சையும் முழுவதுமாக எடுத்துவிடச் சொன்னேன். கூலன்ட் இனிப்பான நஞ்சு என்பதால் குழந்தைகளோ வளர்ப்பு நாயோ இருக்கும் வீட்டில் அதைக் காயவைத்துத் திரும்பப் போடுவது தவறு. வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. நான்கு முறை கோவை போய் வந்தும் கூலன்ட் மேல் கோட்டிலேயே நிற்கிறது.

கோவைப் பட்டறையில் கேட்டபோது முதலில் மறுத்தார்கள்; துளைகளின் எண்ணிக்கையைச் சொன்னதும், பையன் உறையை மாற்றிக் கொடுத்திருப்பான் என்றார்கள்; எக்ஸாஸ்ட் நட்டுகளின் படத்தை அனுப்பியதும் 10,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நான் ஏற்கவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். கைச்சீட்டு, பணம் அனுப்பிய விவரம், பெரியவர் எழுதிக் கொடுத்த சோதனைக் குறிப்பு ஆகியவற்றை இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். நான்கு துளை கேஸ்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். விசாரணை நாளன்று அதை மேசை மீது வைக்க வேண்டும்.