நிமிர்ந்த பெரலா, பக்க அடுப்புப் பெட்டியா?

புகையில் இறைச்சி வேகவைக்கக் காசு குறைவென்றால் 200 லீட்டர் பெரல்தான். அடியில் மூன்று காற்றுத்துளை, உள்ளே கரிக்கூடை, கரிக்கு இரண்டடி மேலே கம்பித்தட்டு, மூடியில் புகைபோக்கி. வெல்டிங் கடையில் சொன்னால் செய்து தருவார்கள். கூடை நிறையக் கரி போட்டு மேலே ஒரு கைப்பிடிக் கரியை மட்டும் மூட்டினால், 110–135 பாகை செல்சியஸில் மணிக்கணக்காக நின்று எரியும். பெரலின் உட்பூச்சை முதலில் திறந்தவெளியில் வைத்து, உள்ளே பெருநெருப்பு மூட்டி எரித்துத் தீர்க்க வேண்டும். நாகம் (துத்தநாகம்) பூசிய பெரலும் பூச்சிமருந்து வந்த பெரலும் வேண்டவே வேண்டாம்.

சோளகம் வீசும் மாதங்களில் காற்றுப்பக்கத் துளையை அடையுங்கள். இல்லாவிட்டால் சூடு எகிறி, தோல் கருகி எலும்போரம் பச்சையாக இருக்கும். அடிக்கடி மூடி திறந்தாலும் இதே கதைதான்.

பக்க அடுப்புப் பெட்டி என்றால் இறைச்சிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் தனி விறகடுப்பு பொருத்தியது. அதற்குப் புகைமணம் கூட. பெரிய கொண்டாட்டத்துக்கு இடமும் தாராளம். ஆனால் 6 மி.மீ. தகடு வேண்டும், அதுதான் விலையைத் தூக்கும். மெல்லிய தகடு மாரியில் சூடு பிடிக்காது. அரைமணி, முக்கால்மணிக்கொரு விறகு வைக்க ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அடுப்போரத் துண்டுகள் முந்தி வேகும், இடம் மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்குப் பெரலே போதும். காய்ந்த புளி, கொய்யா விறகு நல்லது. பச்சை விறகின் வெண்புகை இறைச்சியைக் கசக்க வைக்கும். கோழியின் உட்சூடு 74 பாகை வந்தபிறகே இறக்குங்கள்.