தாடை முடிக்கு லேசர்: சேலத்தில் ஒரு தோல் சிகிச்சை மையத்தில் பெற்ற அனுபவம்

பத்து நாளுக்கொரு முறை அம்மாப்பேட்டையில் எங்கள் தெருமுனைப் பார்லருக்குப் போய், நூலின் ஒரு முனையைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் பெண்ணிடம் தாடையை நிமிர்த்திக் காட்டுவது எனக்கு ஏழு ஆண்டுப் பழக்கம். பிடுங்கிய இடங்களில் கொப்புளமும், அது ஆறிய பின் கரும்புள்ளியும் சேர்ந்துகொண்டே போய், முடியைவிடத் தழும்பே முதலில் கண்ணில் படும் நிலை வந்த பிறகுதான் லேசர் சிகிச்சையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலில் ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். எட்டு சிட்டிங்கில் முடி நிரந்தரமாகப் போய்விடும் என்றும், அன்றே முழுப் பணத்தையும் கட்டினால் பாதி விலை என்றும் சொன்னார்கள். எந்த வகை லேசர் என்று கேட்டதற்கு, "இம்போர்ட்டட் மெஷினுங்க" என்பதே பதிலாக வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதன் பிறகு சென்றதுதான் ஐந்து ரோட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் தோல் மருத்துவர் ஒருவர் நடத்தும் மையம். முதல் நாள் அந்த மருத்துவர் லேசரைப் பற்றிப் பேசவே இல்லை. முடி எந்த வயதில் வளரத் தொடங்கியது, மாதவிடாய் சீராக வருகிறதா, குரலில் மாற்றம் உண்டா, அம்மாவுக்கும் இப்படி இருந்ததா, வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறேன் என்று வரிசையாகக் கேட்டார். சில மாதங்களுக்குள் திடீரென முடி அடர்ந்து குரலும் தடித்தால், ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அந்தக் கேள்விகள் என்றும் விளக்கினார். மேல் உதடு முதல் தொடை வரை ஒன்பது இடங்களில் முடி எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று பார்த்து, தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டியதில் எனக்கு 11 வந்தது. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும், பேச்சு வழக்கில் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். இருப்பதைக் காட்டின.

லேசர் இப்போதிருக்கும் முடியின் வேரைத்தான் சுடும், புதிய முடியைத் தடிக்கவைக்கும் ஹார்மோனை அது தொடாது என்று சொல்லி, என்னை ஒரு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே தந்த மாத்திரைகளின் பலன் முடியில் தெரிய ஆறு மாதமாவது ஆகும் என்பதையும், அவற்றில் ஒன்றான ஸ்பைரோனோலேக்டோனைச் சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். இத்தனைக்கும் பிறகுதான் லேசருக்கு நாள் குறித்தோம்.

முடியிலுள்ள மெலனின் என்னும் கருநிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாவதால்தான் வேர் கருகுகிறது. நம் தோலிலும் மெலனின் உண்டு என்பதால், கருவி பொருந்தாவிட்டால் முடியோடு தோலும் வெந்துவிடும். என் நிறத்துக்கு, மேல்தோலின் மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதும் ஆழமாகச் செல்வதுமான 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரைத் தேர்ந்தெடுத்து, காதுக்குக் கீழே சிறிதளவு சோதித்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். வேர் உள்ளே இருந்தால்தான் பயன் உண்டு என்பதால் நான்கு வாரத்துக்கு நூல் கூடாது, முந்தின நாள் சவரம் செய்துகொண்டு வர வேண்டும் என்பது நிபந்தனை. முகத்தில் பிளேடா என்று அம்மா பதறினார். சவரத்தால் முடி தடிப்பதில்லை, வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் சொரசொரப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

வலி உண்டு. தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தாற்போல் இருக்கும். மேல் உதட்டில் கண்ணீரே வந்துவிட்டது. கோழி இறகு பொசுங்கும் வாசனை அறை முழுக்க நிற்கும். பத்தாம் நாள் முகம் கழுவும்போது கருகிய முடிகள் மிளகுத்தூள் போலக் கையோடு வந்தன. கன்னத்துப் பூனை முடியையும் எடுத்துவிடுங்கள் என்று நானே கேட்டபோது மருத்துவர் மறுத்துவிட்டார்; மெல்லிய முடியின் மேல் லேசர் பட்டால் சிலருக்கு அது தூண்டப்பட்டு இன்னும் அடர்ந்துவிடுமாம். பணம் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லும் இடம் என்பதால் என் நம்பிக்கை அன்றே கூடியது.

மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க அக்கா குடும்பத்தோடு ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனதும் காற்று குளிர்ந்திருந்ததால், வெயில் உறைக்காது என்று நம்பிக் குடையையும் சன்ஸ்க்ரீனையும் மறந்துவிட்டேன். நான்கு நாள் கழித்து நாலாவது சிட்டிங்குக்குப் போனால், கறுத்த தோலில் சுடமாட்டோம் என்று மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள். அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கவில்லை.

குறை ஒன்று உண்டு, அது சிறியதும் அல்ல. ஆண்களும் பெண்களுமாக இருபது பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் வரவேற்பில் இருந்த பெண், "மீசை, தாடைக்கு வந்தவங்க யாருங்க?" என்று உரக்கக் கூப்பிட்டார். எழுந்து நடந்த அந்தப் பத்தடி, லேசரைவிடச் சுட்டது. மருத்துவரிடம் சொன்ன பிறகு டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறார்கள் என்றாலும், மாலை ஆறு மணிக்கு மேல் நேரம் வாங்கியிருந்தும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சிட்டிங்குக்கு 2,500 ரூபாய். பேக்கேஜ் கிடையாது, அன்றன்றைக்குக் கட்டினால் போதும். ஐந்து வார இடைவெளியில் ஆறு சிட்டிங் முடிந்த நிலையில், முடி முக்கால் பங்கு குறைந்து மீதி மெலிந்திருக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை வர வேண்டியிருக்கும் என்று முதலிலேயே சொன்னதால் ஏமாற்றமில்லை. தாடையில் நாலைந்து நரைமுடிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. மெலனின் இல்லாததால் அவை லேசருக்கு அகப்படுவதில்லை. ஒவ்வொரு வேரிலும் ஊசி நுழைத்து மின்சாரத்தால் அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான் வழி. அந்தக் கருவி தங்களிடம் இல்லை, இதற்காக இன்னொரு லேசர் சிட்டிங் வாங்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.