சின்ன டேங்கா, பெரிய டேங்கா, டேங்கே வேண்டாமா? பிரஷர் பம்புக்கு எது பொருந்தும்

பிரஷர் பம்ப் வாங்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை ஹெச்பி என்றுதான். தண்ணீரை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் டேங்கும், அழுத்தத்தைப் பார்த்து பம்பை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்சும் ஏதோ ஒன்று கூட வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் மோட்டாரைத் தின்பது ஓட்டம் இல்லை, ஸ்டார்ட். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட்டை இழுத்துக்கொண்டுதான் கிளம்புகிறது, வைண்டிங் சூடாவதும் கெபாசிட்டர் போவதும் ஸ்விட்ச்சின் கான்டாக்ட் கருகுவதும் அதனால்தான். மணிக்கு எத்தனை ஸ்டார்ட் என்ற ஒரே கேள்வியை வைத்துப் பார்த்தால் எதை எடுப்பது என்பது பாதிக்கு மேல் தெளிவாகிவிடும்.

முதலில் பம்போடு சேர்த்தே விற்கும் அந்த 24 லிட்டர் டேங்க். 24 லிட்டர் என்பது டேங்கின் மொத்தக் கொள்ளளவு, அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் தண்ணீர் இல்லை. உள்ளே பெரும்பகுதி அழுத்தப்பட்ட காற்று. 30–50 பிஎஸ்ஐ ஸ்விட்ச்சில் (பிஎஸ்ஐ, பார் இரண்டும் அழுத்தத்தின் அளவுகள்), அதாவது அழுத்தம் சுமார் 2.1 பாருக்கு இறங்கினால் ஆன் ஆகி 3.4 பாருக்கு ஏறினால் ஆஃப் ஆகும் அமைப்பில், பம்ப் கிளம்பாமல் டேங்க் தருவது 7 லிட்டர்தான். நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும் பம்ப், யாரோ ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். 21 நொடியில் டேங்க் காலி, அடுத்த 21 நொடியில் நிரம்பி ஆஃப், மறுபடி ஆன். இப்படியே போனால் மணிக்கு 85 ஸ்டார்ட். குழாயை முழுசாகத் திறந்தால்கூடப் பரவாயில்லை, பம்ப் விடாமல் ஓடும். மோட்டாருக்கு மோசமானது பாதித் தண்ணீர் எடுக்கும் இந்த நிலைதான்.

பெரிய டேங்க் என்றால் எவ்வளவு பெரியது? ஒருமுறை கிளம்பினால் குறைந்தது ஒரு நிமிடமாவது மோட்டார் ஓட வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 40 லிட்டர் பம்புக்கு, அப்போது டேங்கில் 40 லிட்டர் உபயோகத் தண்ணீர் நிற்க வேண்டும். 30–50 ஸ்விட்ச்சில் டேங்கின் கொள்ளளவில் கிட்டத்தட்ட 30 சதவீதம்தான் கைக்கு வரும் என்பதால் 135 லிட்டர் டேங்க் தேவைப்படும். அதே மோசமான நிலையில் மணிக்கு 15 ஸ்டார்ட்டோடு முடிந்துவிடும். ஆமாம், ஒரு மூலையை அடைத்துக்கொள்ளும், காசும் கூடத்தான். இடம் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். இதில் கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை.

சரி, ஸ்விட்ச். 20–40, 30–50, 40–60 என்று மூன்று அமைப்புகள் பரவலாக உண்டு. ஷவரில் அழுத்தம் போதவில்லை என்று 40–60க்கு ஏற்றினால் அதே டேங்க் தரும் தண்ணீர் குறைகிறது: 100 லிட்டர் டேங்க் 20–40இல் 34 லிட்டர் தரும், 40–60இல் 26தான். அதைவிடப் பெரிய சிக்கல் பம்பின் ஹெட், அதாவது அது தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளும் என்பது. 50 பிஎஸ்ஐ என்பது 35 மீட்டர் உயரத்துக்குச் சமம். உங்கள் பம்பின் அதிகபட்ச ஹெட் 38 மீட்டர், ஆனால் 5 மீட்டர் ஆழத்திலிருந்து உறிஞ்சுகிறது என்றால் மிச்சம் 33தான். குழாயெல்லாம் மூடியிருந்தாலும் ஸ்விட்ச் ஆஃப் ஆகவே ஆகாது, பம்ப் உள்ளே இருக்கும் தண்ணீரையே கடைந்து சூடாக்கிக்கொண்டிருக்கும். வோல்டேஜ் குறைந்தாலோ பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்தாலோ இந்த நிலை இன்னும் சீக்கிரம் வரும், அதனால் ஆஃப் அழுத்தத்துக்கு மேலே ஐந்தாறு மீட்டராவது கையிருப்பு வேண்டும். ஸ்விட்ச்சின் மூடிக்குள் பெரும்பாலும் இரண்டு நட்டு இருக்கும். பெரியது ஆன், ஆஃப் இரண்டையும் சேர்த்து நகர்த்தும், சின்னது இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள்.

இனி டேங்கே இல்லாத எலக்ட்ரானிக் கன்ட்ரோலர். கையடக்கமானது, தண்ணீர் வராவிட்டால் தானே மோட்டாரை நிறுத்தும், குழாய் திறந்திருக்கும்வரை பம்பை விடாமல் ஓட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கழிவறை சிஸ்டர்னில் மெல்லிய கசிவு ஒன்று இருந்தால் போதும், ராத்திரி முழுக்க ஆன், ஆஃப், ஆன். டேங்க் இருந்தால் அதே கசிவை மணிக்கணக்கில் தாங்கும். இன்னொன்று, பல கன்ட்ரோலர்கள் 1.5 பாருக்குக் கீழே இறங்கினால்தான் கிளம்பும். மேல்தளக் குழாய் கன்ட்ரோலரிலிருந்து 15 மீட்டர் உயரத்தில் இருந்தால், பைப்பில் நிற்கும் தண்ணீரே அந்த 1.5 பாரைக் கொடுத்துவிடும். மேலே குழாயைத் திறந்தாலும் பம்ப் அசையாது. கன்ட்ரோலரைக் குறைகூறுவதற்கு முன் இந்த உயரத்தை அளந்து பாருங்கள்.

வேகத்தை மாற்றும் டிரைவ் உள்ள பம்ப் நான்காவது. எடுக்கும் தண்ணீருக்கு ஏற்ப மோட்டார் வேகம் கூடிக் குறையும், அழுத்தம் ஒரே சீராக இருக்கும், மெதுவாகக் கிளம்புவதால் கரண்ட் குதிப்பும் இல்லை. ஒரே நேரத்தில் மூன்று நான்கு குளியலறை ஓடும் வீட்டுக்கு அருமை. ஒரு ஷவர், ஒரு சமையலறைக் குழாய் உள்ள வீட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. இதற்கும் ஒரு குட்டி டேங்க் வைத்தால் நல்லது, 24 லிட்டர் டேங்குக்கு உருப்படியான வேலை இங்கேதான்.

எந்த டேங்க் எடுத்தாலும் காற்றழுத்தம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்: ஆன் ஆகும் அழுத்தத்தைவிட 2 பிஎஸ்ஐ குறைவு, அதாவது 30–50க்கு 28. பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து டேங்கை முழுசாகக் காலி செய்துவிட்டு டயர் கேஜில் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் இருக்கும்போது கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தம், அதை நம்பிக் காற்றைக் கூட்டிக் குறைத்தால் கணக்கு எல்லாம் கெட்டுவிடும். நன்றாக ஓடிய அமைப்பு திடீரென்று டக் டக் என்று ஆன் ஆஃப் ஆக ஆரம்பித்தால் ஸ்விட்ச்சின் நட்டைத் திருகாதீர்கள். காற்று வால்வின் ஊசியை அழுத்திப் பாருங்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால், டேங்குக்குள் காற்றையும் தண்ணீரையும் பிரிக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது, அதை மாற்றாமல் வேறு எதைத் திருகினாலும் நிற்காது.