மடக்கு போன் தொழிலுக்கு ஆகுமா?

விலை இறங்கிவிட்டது, வாங்கலாமா என்று என்னைப் போலவே பழைய புத்தகங்களை மறுபதிப்பு செய்யும் நண்பர் கேட்டார். கேமரா, பிராசசர் சமாச்சாரமெல்லாம் அவருக்கே தெரியும், அதை விடுங்கள்.

படிப்பதற்கு இதை அடிக்க ஆளில்லை. ஸ்கேன் செய்த கிரவுன் சைஸ் (சிறிய புத்தக அளவு) பக்கம் விரித்த திரையில் முழுதாக நிற்கிறது, பஸ்ஸில் உட்கார்ந்தே மெய்ப்பு பார்த்துவிடுகிறேன். 1965-இல் இறந்த ஓர் எழுத்தாளரின் பேரன், புத்தகத்தின் பிந்தைய பதிப்பு வெளிவந்த ஆண்டிலிருந்துதான் பதிப்புரிமையின் 60 வருடம் கணக்கு என்று வாதாடினார். திரையின் ஒரு பக்கம் பதிப்புரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, மறுபக்கம் எழுத்தாளர் உயிரோடு இருந்தபோதே வந்த பழைய பதிப்பின் முதல் பக்கம் என்று விரித்துக் காட்டினேன்: எழுத்தாளர் இறந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்துதான் கணக்கு, ஆகவே 2026 ஜனவரி 1 முதல் யாரும் அச்சிடலாம். அப்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை, அது நியாயம்தான். ஆனால் 1957 சட்டத்தில் 50 வருடம் என்று இருந்ததை, தாகூர் நூல்களின் உரிமை முடியும் நேரத்தில் 60 ஆக நீட்டியது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. குடும்பமும் அச்சிடாமல் மற்றவரும் அச்சிட முடியாமல் எத்தனை நல்ல புத்தகங்கள் கண்ணில் படாமலே போயின! குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு நாட்டுடைமை ஆக்கும் நம் ஊர் வழி இதைவிட எவ்வளவோ மேல்.

சரி, போனுக்கு வருகிறேன். உள்திரை மேல் ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, அதை நாமாக உரிக்கக் கூடாது. அது மடிப்பில் குமிழ் விட்டு உரிய ஆரம்பித்தது. மாற்றிக் கொடுத்தார்கள், மறுபடி உரிந்தது, இந்த முறை அடியில் திரையிலும் கோடு. கீழே போட்டதில்லை, தண்ணீர் பட்டதில்லை, தினமும் திறந்து மூடியதுதான். உள்திரை மாற்ற அவர்கள் சொன்ன தொகையில் புதிதாக ஒரு நல்ல போனே வாங்கலாம். அதைவிட எரிச்சல், போன் சர்வீஸில் கிடந்த நாட்களில் வாட்ஸ்அப் ஆர்டர், யுபிஐ, கூரியர் எல்லாம் நின்றுபோனது, அதுவும் புத்தகக் காட்சி நேரத்தில்.

அதனால் தொழிலுக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். மெய்ப்பு பார்க்க மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், கடை நம்பர் சிம்மை மட்டும் ஒரு சாதாரண போனில் போட்டு வையுங்கள்.