புது கரண்ட் பில்: 350 யூனிட்டுக்கும் 351-க்கும் நடுவே 14 வெள்ளி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு, மின்சார நிறுவனமான டிஎன்பி அனுப்பும் பில், 2025 ஜூலை 1-க்குப் பிறகு ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. முன்பு இரண்டு மூன்று வரி. இப்போது அரைப் பக்கத்துக்குக் கணக்கு. காபிக் கடையில் ‘புதுசு புதுசா ஏதேதோ சாஜ் போடுறானுங்க’ என்ற பேச்சு கிளம்பியதற்கு அந்த நீளம்தான் காரணம். உண்மையில் 600 யூனிட்டுக்குள் நிற்கும் பெரும்பாலான வீடுகளுக்குத் தொகை குறைந்திருக்கிறது. ஆனால் பில்லில் ஒரு பொறி இருக்கிறது. அதைப் பில்லே சொல்லாது.

முதலில் வரிகளைப் பார்த்துவிடலாம். ‘தெனாகா’ என்பது மின்சாரத்துக்கான விலை, யூனிட்டுக்கு 27.03 சென். ‘கபாசிதி’ 4.55 சென், ‘ரங்காயான்’ 12.85 சென். மின்நிலையத்தைத் தயாராக வைத்திருக்கும் செலவும், கம்பி, கம்பம் செலவும் இவை. முன்பு ஒரே விலைக்குள் ஒளிந்திருந்ததைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மூன்றையும் கூட்டினால் 44.43 சென். மாதத்துக்கு 1,500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு தெனாகா விலை 37.03 சென் ஆகிவிடும். நம் தாமான்களில் அந்தக் கவலை யாருக்கும் இல்லை.

44.43 சென் என்றதும் மயக்கம் போட வேண்டாம். அடுத்த வரியில் கழிவு வருகிறது: ‘இன்சென்திப் செகாப் தெனாகா’, அதாவது சிக்கனமாகப் பயன்படுத்துகிறவருக்குச் சலுகை. 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 25 சென் கழியும், நாம் கட்டுவது 19.43 சென்தான். 250 வரை 24.5 சென், 300 வரை 22.5, 350 வரை 21, 400 வரை 17 என்று இறங்கி, 600-ல் 9 சென் ஆகி, 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை.

பொறி இங்கேதான். பழைய கணக்கில் முதல் 200 யூனிட் 21.80 சென், அடுத்த 100 யூனிட் 33.40 சென். எல்லை தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் விலை ஏறும். இப்போது மொத்த யூனிட் எந்தப் படியில் விழுகிறதோ, அந்தப் படியின் கழிவுதான் முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும். 350 யூனிட் ஓட்டினால் 82 வெள்ளி (ரிங்கிட்). 351 ஓட்டினால் 96 வெள்ளி 28 சென். ஒரே ஒரு யூனிட்டுக்கு 14 வெள்ளிக்கு மேல்! 400-ஐத் தாண்டும்போதும் இதே கதை, அங்கே 10 வெள்ளி.

இதைவிடப் பெரிய பள்ளம் 600-ல். 600 யூனிட்டுக்கு 212 வெள்ளி 58 சென். 601 என்றால் 221 வெள்ளி 95 சென், அதோடு அதுவரை தள்ளுபடியாக இருந்த ‘பெருன்சித்தான்’ என்ற சில்லறைச் சேவைக் கட்டணம் 10 வெள்ளி, 600-க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி. எரிபொருள் விலைக்கு ஏற்ப மாதா மாதம் ஏறி இறங்கும் சரிக்கட்டல் தொகையும் அங்கிருந்துதான் ஒட்டிக்கொள்ளும். தீபாவளி மாதம் விருந்தாளிகள் வந்து இரண்டு ஏர்கோனும் ஓடும் வீடுகள் மாட்டுவது இந்த இடத்தில்தான். 300-ஐத் தாண்டினால் வரும் 1.6 விழுக்காடு கேடபிள்யூடிபிபி, அதாவது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி, இதோடு ஒப்பிட்டால் சின்ன விஷயம்.

ஆக, மாதக் கடைசியில் பத்துப் பதினைந்து யூனிட்டை இழுத்துப் பிடிப்பதுதான் காசு. எங்கே பிடிப்பது? குளியலறையில் சுடுதண்ணீர்ப் பெட்டி 3.6 கிலோவாட். பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். நாலு பேர் தினமும் குளித்தால் மாதம் 72 யூனிட். ஒரு குதிரைத்திறன் பழைய ஏர்கோன் இரவு முழுக்க ஓடினால் ஐந்து ஆறு யூனிட் போகும். விசிறி, விளக்கை அணைத்து அணைத்துச் சண்டை போடுவது வீண்வேலை.

இதற்கு மைடிஎன்பி செயலி நல்ல துணை, ஸ்மார்ட் மீட்டர் இருந்தால். அன்றாடம் எத்தனை யூனிட் என்று பட்டையாகக் காட்டும். உங்கள் பில் சுற்று எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பார்த்து, அங்கிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். 350-ஐ அப்படியே இலக்காக வைக்காமல் 330-ஐ வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பழைய மீட்டர் வீடுகளுக்கு இந்தச் செயலி பில் கட்டவும் பழைய பில்லைப் புரட்டவும்தான் உதவும்.

பழைய மீட்டர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ‘அங்காரான்’ என்ற சொல். கேட் பூட்டியிருந்தாலோ நாய் கட்டவிழ்ந்து நின்றாலோ, மீட்டரைப் படிக்காமல் உத்தேசமாகப் போட்ட கணக்கு அது. குறைத்துப் போட்டிருந்தால், நிஜமாகப் படிக்கும் மாதத்தில் மிச்சமெல்லாம் சேர்ந்து வரும். அப்படிச் சேர்ந்ததில் மேல்படிக்குத் தள்ளப்பட்டிருந்தால், மீட்டர் படத்தோடு டிஎன்பியின் சேவை மையமான கெடாய் தெனாகாவுக்குப் போய் மறுகணக்கு கேளுங்கள். ‘துங்காக்கான்’ பழைய பாக்கி. அதைப் புதுக் கட்டணத்தோடு சேர்த்துப் பார்த்துத்தான் பலர் பதறுகிறார்கள்.

யூனிட்டே நம்ப முடியாத அளவு என்றால், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். ஓர் யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். மெயின் இறங்கிய பிறகும் மின்னிக்கொண்டிருந்தால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே எதுவோ இழுக்கிறது. கையை வைக்காமல் பதிவுபெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

நேரத்துக்கு ஏற்ற விலைத் திட்டம் எப்படி? ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், விண்ணப்பித்துச் சேர வேண்டும். வேலை நாளில் மதியம் 2 மணி முதல் இரவு 10 வரை தெனாகா 28.52 சென், மற்ற நேரமும் சனி, ஞாயிறும் பொது விடுமுறையும் 24.43 சென். 300 யூனிட்டில் இருநூறு மலிவு நேரத்தில் போனாலும் மிச்சம் நாலு வெள்ளிகூட வராது. ராத்திரி 10-க்கு மேல் ஏர்கோன் போடும் வீட்டுக்குப் பரவாயில்லை. மற்றவர்கள் படியைப் பார்த்தாலே போதும்.

அறை வாடகைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ஒரே டிஎன்பி மீட்டரில் மூன்று குடும்பம், ஆளுக்கு 250 யூனிட் என்றால் மொத்தம் 750. பெருன்சித்தானோடு, சேவை வரியைச் சேர்க்காமலே 309 வெள்ளிக்கு மேல், ஆளுக்கு 103. தனித்தனி மீட்டராக இருந்தால் ஆளுக்கு 50 வெள்ளிக்குள் முடிந்திருக்கும். வீட்டுக்காரர் ஏமாற்றுகிறார் என்று எடுத்த எடுப்பில் பாய வேண்டாம், பில்லே அப்படித்தான் வரும். வாடகை பேசும்போதே போன மாதப் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.