முதல் பறை: தோலா, ஃபைபரா?

பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சாவு வீட்டோடு நிறுத்தி, அடித்தவர்களையும் ஊர் ஒதுக்கிவைத்த பறை இன்று கல்லூரி மேடையில் பெண்கள் கையிலும் அதிர்கிறது. பழக வருபவர்கள் முதலில் கேட்பது எதை வாங்கலாம் என்றுதான். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் தோல் பறையையே வாங்குங்கள்.

வேப்பமரத் துண்டுகள் மூன்றை இரும்புப் பட்டைகளால் சேர்த்த சட்டம், விட்டம் ஏறக்குறைய 35 செ.மீ. அதன்மேல் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். பழுது வருவது பெரும்பாலும் இந்த ஒட்டிலும் பட்டையிலும்தான். நடுவில் வலக்கையில் பிடிக்கும் அடிகுச்சியால் ஓங்கி அடித்தால் ‘கு’ என்று ஆழமாக இறங்க வேண்டும். பிறகு விளிம்போரமாகச் சுற்றிலும் விரலால் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சலசலத்தால் அங்கே பசை விட்டிருக்கிறது, வேண்டாம். பட்டையில் ஆணி ஆடினாலும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தோல் ஈரத்தை இழுக்கும்; தளர்ந்து ‘தொப்’பென்று கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சாமல் அடிக்கவே முடியாது. வைக்கோலைக் கொளுத்தி, தீயிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்து, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே தட்டிப் பாருங்கள், ஒலி கணீரென்று ஏறியதும் நிறுத்திவிடுங்கள். ஒரே இடத்தில் காட்டினால் தோல் கருகிச் சுருங்கி, விளிம்பில் கிழியும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போனாலும் இதே கதிதான்.

தோலுக்குப் பதில் செயற்கை முகப்பு போட்ட ஃபைபர் பறைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. மழையிலும் ஒரே ஒலி, எடையும் குறைவு. வீதி நாடகக் குழுவுக்கும் விடுதியில் பழகுபவருக்கும் நல்ல துணை. ஆனால் கீழ்நாதம் வராது. இடக்கையில் பிடிக்கும் மெல்லிய சுண்டுகுச்சியின் ‘த’ கூர்மையாகக் கேட்கும், அடிகுச்சியின் ‘கு’ மெலிந்துபோகும். இரண்டுக்கும் வித்தியாசம் காதில் பதியாமல் பழகினால் அடித்துக்கொண்டே ஆடும் அடவுக்குப் போகும்போது கை தடுமாறும்.

குச்சிகளையும் கவனியுங்கள். இடக்கைச் சுண்டுகுச்சி மூங்கிலில் ஏறக்குறைய 28 செ.மீ. நீளத்தில் தட்டையாக இருக்க வேண்டும். அடிகுச்சி தடிமனாக, 18 செ.மீ. போதும். முனையில் சிலும்பு இருந்தால் தோலைக் கீறிவிடும், உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தவரை செய்பவரிடமே நேரில் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். தோலைப் பதப்படுத்தி இழுத்து ஒட்டுவது கடினமான உழைப்பு, அதற்குரிய கூலி அவர் கைக்கே போகட்டும். தோல் கிழிந்தால் அதே சட்டத்தில் மாற்றித் தருவாரா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.